ஆறு சென்ட் எலுமிச்சைப் பூச்சி

எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தபால்காரர் நீட்டும் கவரைக் கையில் வாங்கியதுமே அது எங்கிருந்து வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். பெயரையோ விலாசத்தையோ பார்க்காது. வலது மூலையைப் பார்க்கும். அங்கே ஒரு ராஜா படமும் ஒரு பூச்சியும் இருந்தால், "வண்ணாத்திப்பூச்சி வந்துருக்கு, ஒங்கப்பன கூப்புடு" என்று என்னை விரட்டும். மலேசியாவில் இருந்த அப்பாயியின் கொழுந்தனார், எங்கள் சின்னத் தாத்தாவின் கடிதத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர். "இந்த மாசம் வண்ணாத்திப்பூச்சி வரலியே" என்று அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து கவலைப்பட்டால், சின்னத் தாத்தாவுக்கு உடம்புக்கு என்னவோ என்று அர்த்தம்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், பாமணி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். சின்னத் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கி, பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே போய்விட்டார். நான் அவரை நேரில் பார்த்தது இரண்டே தடவைதான். ஆனால் 1972 முதல் 1978 வரை, அதாவது எனக்கு ஆறு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை, அவர் கடிதங்கள் அத்தனையும் எனக்குத் தெரியும். அப்பா வாசித்து முடித்ததும் உறை என் கைக்கு வந்துவிடும். நான் சேர்த்த முதல் தபால்தலைகள் அவைதான். இன்று என்னிடம் உள்ள வண்ணத்துப்பூச்சித் தபால்தலைகள் எல்லாமே அந்த உறைகளிலிருந்து கிளம்பியவை என்று சொல்லலாம்.

அந்த வரிசையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் 13 மாநிலங்கள். ஒவ்வொரு மாநிலமும் சின்ன மதிப்புகளில் தன் பெயர் போட்ட தபால்தலைகளை வெளியிடும். 1971 பிப்ரவரி 1ஆம் தேதி வண்ணத்துப்பூச்சி வரிசை வந்தது. 1, 2, 5, 6, 10, 15, 20 சென்ட் என ஏழு மதிப்பு, ஏழு பூச்சி. எல்லா மாநிலத்துக்கும் அதே ஏழு பூச்சிகள்தான். பெயரும் ஆள்பவர் படமும் மட்டும் மாறும். பேராக் என்றால் பேராக் சுல்தான், ஜொகூர் என்றால் ஜொகூர் சுல்தான். சுல்தான் இல்லாமல் ஆளுநர் இருக்கும் பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் நான்குக்கும் மாநிலச் சின்னம். பெர்லிசை ஆள்பவருக்கு சுல்தான் என்ற பட்டம் கிடையாது, ராஜா என்றுதான் பட்டம். அப்பாயி எல்லாரையும் ராஜா என்று சொன்னது அந்த ஒரு மாநிலத்துக்கு அட்சரசுத்தமாகப் பொருந்தும். 13 மாநிலம், ஏழு ஏழாக, மொத்தம் 91. 1979இல் பூக்கள் வரிசை வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் வந்த கடிதத்தில் பூச்சி இல்லாமல் பூ இருந்ததைப் பார்த்து அப்பாயி கொஞ்ச நேரம் சந்தேகப்பட்டது எனக்கு நினைவிருக்கிறது. கையெழுத்தைப் பார்த்து "சின்னத் தாத்தாதான்" என்று நான் சொன்ன பிறகுதான் வாங்கி வைத்துக்கொண்டது.

எங்களுக்கு வந்த உறைகளில் 15 சென்ட்டும் 20 சென்ட்டும்தான் மாறி மாறி இருக்கும். எப்போதாவது ஒரு 10 சென்ட் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதனால் என் சின்ன வயதில் அந்த வரிசையில் மொத்தமே மூன்று பூச்சிகள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

15 சென்ட்டில் இருப்பது நீலப் பூச்சி. விலைப்பட்டியல்களில் அதன் பெயர் பிரெசிஸ் ஒரித்யா வாலசி. இப்போது அறிவியல் பெயர் ஜூனோனியா ஒரித்யா என்று மாறிவிட்டது. ஸ்டாம்பு சேர்ப்பவர்களின் புத்தகங்களில் மட்டும் பழைய பெயரே ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த 'வாலசி', மலாய்த் தீவுகளில் 1854 முதல் 1862 வரை அலைந்து திரிந்து பூச்சிகளும் பறவைகளும் சேகரித்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் பெயர். 20 சென்ட்டில் உள்ளதன் பேரினத்துக்கு வலேரியா என்று அன்று பெயர், இன்று பாரெரோனியா. அதன் பெண் பூச்சி, பறவைகள் தின்ன விரும்பாத புலி வகைப் பூச்சியைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு தப்பிக்கும். 10 சென்ட்டில் வெள்ளை இறக்கையின் நுனியில் ஆரஞ்சு தீற்றிய பெரிய பூச்சி.

இதில் அந்த 15 சென்ட் நீலம் எங்கள் வயலில் இருக்கிறது என்பதை நான் கண்டுபிடித்தது ஒரு பங்குனி மாதத்தில். சம்பா அறுத்து, உளுந்தும் எடுத்து, வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும் சமயம். மற்ற வண்ணத்துப்பூச்சிகள் எல்லாம் பூவையும் நிழலையும் தேடிப் போகும். இது மட்டும் வெறும் மண்ணில், வரப்பில், மொட்டை வெயிலில் இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் எழும்பி ஒரு வட்டமடித்து அதே இடத்துக்கே வந்து உட்காரும். இன்னொரு ஆண் பூச்சி அந்தப் பக்கம் வந்தால் துரத்தியடிக்கும். இடம் பிடித்து வைத்துக்கொள்வது அதன் குணம். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் வரப்பில் அந்த நீலத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி, நோட்டில் ஒட்டியிருந்த ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் வயலுக்கு ஓடினேன். பூச்சி அங்கேயே இருந்தது. குனிந்து இரண்டையும் பார்த்தேன். பின் இறக்கையில் அதே நீலம், அதே கண் மாதிரிப் புள்ளி. மலேசியா ராஜாவின் பூச்சி எங்கள் உளுந்து வயலில் எப்படி என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாயியிடம் சொன்னேன். "கடுதாசிலேருந்து ஒண்ணு தப்பிச்சு வந்துருக்கும்" என்றது. அந்த வயதில் அதை நான் முழுசாக நம்பினேன். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு உறையையும் பிரிக்கும்போது, ஸ்டாம்பில் பூச்சி இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுவேன்.

எனக்குத் தொழில் தையல். மன்னார்குடியில் சின்னக் கடை, முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. தையல்காரிக்கு ஸ்டாம்பு சேர்ப்பது பொருந்திப் போகிற பழக்கம். ஓரத்துப் பல் ஒன்று குறைந்திருந்தாலும் கண்ணில் படும். நிறம் வெளுத்திருந்தால் துணியைப் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைக்கு எதிரே கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் அண்ணன் ஒருவர், கண்ணில் மாட்டும் பழைய லென்ஸ் ஒன்றை எனக்குக் கொடுத்தார். அது வந்தபிறகு இந்த வரிசை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 1971இல் வந்தவை பிராட்பரி வில்கின்சன் என்ற லண்டன் அச்சகம் லித்தோ முறையில் அடித்தவை. 1977, 78இல் சில மதிப்புகளை ஹாரிசன் அச்சகம் போட்டோகிராவூர் முறையில் திரும்ப அடித்தது. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸ் வைத்தால், முதலாவதில் எழுத்தின் ஓரம் கத்தரி போட்டு வெட்டிய துணி மாதிரி நேராக நிற்கும். இரண்டாவதில் ஓரம் நுணுக்கமாகப் பல்பல்லாக, பிசிறு விட்ட மாதிரி இருக்கும். சின்னத் தாத்தாவிடமிருந்து வந்த கடைசி இரண்டு மூன்று வண்ணத்துப்பூச்சி உறைகளில் இருந்தவை ஹாரிசன் அச்சு. அதை நான் கண்டுபிடித்தபோது அவர் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது.

இந்த நீலப் பூச்சி எனக்குக் கூலியும் வாங்கிக் கொடுத்திருக்கிறது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நிச்சயதார்த்தப் பெண், ரவிக்கைக் கையில் ஆரி வேலையில் வண்ணத்துப்பூச்சி வேண்டும் என்றாள். போனில் அவள் காட்டிய படங்களில் எல்லாம் எந்த ஊரிலும் இல்லாத பூச்சி. நான் 15 சென்ட்டை எடுத்து லென்ஸைக் கொடுத்து "இதைப் பாரு" என்றேன். உடனே ஒத்துக்கொண்டாள். முன் இறக்கையின் அடிப்பக்கம் கறுப்புப் பட்டு, பின் இறக்கைக்கு இரண்டு நீலம், கண் புள்ளிக்கு ஆரஞ்சு நூலில் ஒரு சுற்று, நடுவில் ஒரே ஒரு கறுப்பு மணி. ஒரு கைக்கு ஒன்றரை நாள் ஆனது. புள்ளியின் சுற்றுக்கு மூன்று இழை போட்டால் தடித்தது, ஒற்றை இழை போட்டால் காணாமல் போனது, இரண்டு இழையில்தான் உயிர் வந்தது. பூச்சியின் இறக்கையில் அந்த வளையம் எவ்வளவு மெல்லியது என்பதை ஊசியைப் பிடித்தபோதுதான் நான் சரியாக உணர்ந்தேன்.

இனி ஆறு சென்ட். அது எங்கள் வீட்டு உறைகளில் ஒருபோதும் வந்ததில்லை. வண்ணத்துப்பூச்சி வரிசையில் மொத்தம் ஏழு என்று தெரிந்ததே 2011இல்தான். தஞ்சாவூரில் ஒரு பழைய நாணய வியாபாரியின் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஐம்பது ரூபாய்க்கு ஒரு பொட்டலம், நூறு ஸ்டாம்பு. அதில் சிலாங்கூர் பெயர் போட்ட ஒன்று. கறுப்பு இறக்கை, அதில் வெளிர்மஞ்சள் திட்டுத்திட்டாக, பின் இறக்கையின் உள்மூலையில் ஒரு செங்கல் நிறப் பொட்டு. பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. எங்கள் கொல்லை எலுமிச்சை மரத்துப் பூச்சி! பாபிலியோ டெமோலியஸ். பட்டியலில் அதன் மலாய்ப் பகுதிக் கிளையினம் என்று போட்டிருக்கும், ஆனால் பூச்சி அதேதான். கிணற்றடி எலுமிச்சையிலும் நாரத்தையிலும் கோவில் வில்வத்திலும் முட்டையிட்டு, நான் பிறந்ததிலிருந்து என் கண்முன்னால் பறந்துகொண்டிருந்த பூச்சி, அத்தனை வருஷமும் அந்த வரிசையில் இருந்திருக்கிறது. சின்னத் தாத்தாவின் கைக்கும் அது வந்திருக்கும். உள்ளூர்க் கடிதம் எதிலாவது ஒட்டியிருப்பார். எங்களுக்கு மட்டும் வரவில்லை. வியாபாரி கடையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாயி அதைப் பார்க்காமலே போய்விட்டதே என்றுதான்.

அன்று முடிவு செய்ததுதான் 91ஐயும் சேர்ப்பது என்று.

இந்தப் பூச்சிக்கு வால் கிடையாது. அதன் குடும்பத்தில் நிறைய பேருக்குப் பின் இறக்கையில் வால் இருக்கும். எங்கள் கொல்லையிலேயே கறிவேப்பிலை அழகிக்கு உண்டு. பூவில் தேன் குடிக்கும்போதும் இது சும்மா இருக்காது, முன் இறக்கையை அடித்துக்கொண்டே குடிக்கும். இதனால்தான் எனக்கு அந்தக் காலத்து வண்ணத்துப்பூச்சித் தபால்தலைகளில் ஒரு மனக்குறை. பெரும்பாலானவற்றில் பூச்சி நான்கு இறக்கையையும் சமமாக விரித்து, முன் இறக்கைகளை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும். உயிருள்ள எந்தப் பூச்சியும் அப்படி உட்காராது. அது அருங்காட்சியகப் பெட்டியில் ஊசி குத்தி, பலகையில் இறக்கையை இழுத்துக் காயவைத்த பூச்சியின் நிலை. ஓவியர் அதைப் பார்த்து வரைந்திருப்பார். ஊசியை மட்டும் விட்டுவிட்டார்கள். இது தெரிந்தபிறகு ஆல்பத்தைப் புரட்டினாலே அந்தத் தோள்கள் முதலில் கண்ணில் படுகின்றன. பூவில் உட்கார்ந்தோ, பாதி இறக்கை மூடியோ, இலையடியில் தொங்கியோ வரைந்திருக்கும் ஒரு ஸ்டாம்பு கிடைத்தால் அதற்குத் தனிப் பக்கம் கொடுத்துவிடுவேன்.

நம் நாட்டு வரிசைகளைப் பற்றிக் கேட்பார்கள். 1981 அக்டோபரில் நான்கு வந்தன, 35 காசு, 50 காசு, 1 ரூபாய், 2 ரூபாய். இரண்டு ரூபாயில் இருந்தது கைசர்-இ-ஹிந்த். பச்சையும் பொன்னும் கலந்த மலைப் பூச்சி. இப்போது அருணாசலப் பிரதேசத்தின் மாநில வண்ணத்துப்பூச்சி. எனக்கு அப்போது பதினைந்து வயது, நான்கையும் வாங்கக் காசு சேர்ப்பதற்குள் எங்கள் பக்கத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு வாங்கினேன். 2008 ஜனவரியில் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கே உரிய வண்ணத்துப்பூச்சிகள் என்று இன்னொரு நான்கு. இரண்டும் நல்ல வரிசைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டிலும் எங்கள் கொல்லைப் பூச்சி ஒன்றுகூட இல்லை. இமயமலையிலும் தீவிலும் இருப்பதுதான் அபூர்வம், அதைத்தான் ஸ்டாம்பில் போட வேண்டும் என்று நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மலேசியா செய்ததைப் பாருங்கள், மலை ஏறினால் மட்டும் கிடைக்கும் பூச்சியையும் எலுமிச்சை மரத்துப் பூச்சியையும் ஒரே வரிசையில் வைத்து 13 மாநிலத்துக்கும் கொடுத்தது. தமிழ்நாட்டுக்கு 2019இல் தமிழ் மறவனை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தார்கள். அது மேற்குத் தொடர்ச்சி மலைப் பூச்சி. மகிழ்ச்சிதான். அதோடு எருக்கம்பூவில் உட்காரும் வெந்தய வரியனுக்கும் எங்கள் எலுமிச்சைப் பூச்சிக்கும் ஒரு அஞ்சு ரூபாய்த் தபால்தலை வந்தால், டெல்டாவில் எத்தனை பிள்ளைகள் தங்கள் வாய்க்கால் கரையையே புதிதாகப் பார்க்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பழைய பெருமைகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1950இல் சரவாக் ஒரு சென்ட் ஸ்டாம்பில் ராஜா புரூக் பூச்சியைப் போட்டது. கறுப்பு இறக்கையில் பச்சை முக்கோணங்கள் வரிசையாக இருக்கும். அதற்கு 1855இல் பெயர் வைத்ததும் அதே வாலஸ்தான். ஜப்பான் 1956இல் 75 யென்னில் ஒன்று போட்டது. சீனா 1963இல் வெளியிட்ட 20 ஸ்டாம்பு வரிசையை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். அதன் விலைக்கு நான் ஒரு தையல் மிஷின் வாங்கிவிடலாம். அமெரிக்கா 1977இல் நான்கைச் சேர்த்து ஒரே சதுரமாக அடித்த 13 சென்ட் வரிசை என்னிடம் இருக்கிறது.

இன்னொரு வகை உண்டு. அஜ்மான், ஃபுஜைரா, மனாமா என்று வளைகுடாப் பக்கத்துக் குட்டி ஆட்சிப் பகுதிகளின் பெயர் போட்டுப் பெரிது பெரிதாக, பளபளவென்று 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் வந்தவை. ஹங்கேரி, மங்கோலியா பக்கம் வந்தவற்றில் நிறையவும் இப்படித்தான். மூலையில் அழகாக முத்திரை இருக்கும், திருப்பிப் பார்த்தால் பசை அப்படியே இருக்கும். அச்சகத்திலேயே முத்திரை குத்தி, சேகரிப்பவர்களுக்கு மொத்தமாக விற்றது. சின்ன வயதில் பொட்டலத்தில் இவைதான் நிறைய வரும், எனக்கும் ஆசையாக இருந்தது. இன்று அவற்றின் மேல் மனம் ஒட்டவில்லை. அவை எந்தக் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு போனதில்லை. யாருடைய வீட்டுத் திண்ணையிலும் காத்திருக்க வைத்ததில்லை. என் ஆல்பத்தில் அழுக்கு முத்திரை விழுந்து, பூச்சியின் பாதி முகம் மறைந்துபோன பேராக் 15 சென்ட் ஒன்று இருக்கிறது. முத்திரையில் தேதி தெரிகிறது, ஊர்ப்பெயரில் மூன்றெழுத்து தெரிகிறது. அந்தப் பளபளப்பு ஸ்டாம்புகளில் நூறு கொடுத்தாலும் அதைக் கொடுக்க மாட்டேன். முத்திரை விழாத புதுசுதான் உசத்தி என்று சொல்லும் பெரிய சேகரிப்பாளர்களோடு எனக்கு இதில் ஒத்துவராது. அவர்கள் பசை கெடாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

பசையைப் பற்றி எனக்கு கஜா புயல் ஒரு பாடம் நடத்தியது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் ஊர் வழியாக மேற்கே போனது. காற்று நின்று வெளியே வந்து பார்த்தபோது தென்னைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. எங்கள் வீட்டில் ஓடுகள் பறந்து, மர பீரோவின் மேல் தண்ணீர் கொட்டியிருந்தது. ஆல்பங்கள் அதற்குள் இருந்தன. முதல் மூன்று நாள் அதைத் திறந்து பார்க்கவே இல்லை, பார்க்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. கரண்டு வரப் பல நாளானது. நான்காம் நாள் திறந்தேன். புதுசாக, பசையோடு வாங்கி வைத்திருந்தவை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன, வெல்லப்பாகு ஆறினால் எப்படி இருக்குமோ அப்படி. 1981 நான்கும் அதில் போயின. முத்திரை குத்திப் பசை கழுவியவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்திருந்தன, அவ்வளவுதான். ஏற்கெனவே ஒருதடவை தண்ணீரில் குளித்து வந்தவைதானே. அறுந்து தொங்கிய மின்கம்பிக்கு எட்டாத பக்கத்தில், கொல்லையில் ஒரு பாயை விரித்து, வேட்டித்துணி போட்டு, அவற்றை வரிசையாகக் காயவைத்தேன். இலை மிச்சமில்லாத எலுமிச்சை மரத்தடியில் பேராக் சுல்தானும் அவர் பூச்சிகளும் வெயில் காய்ந்தன.

அதற்கப்புறம் நான் எல்லாவற்றையும் ஆல்பத்தோடு நிமிர்த்தித்தான் வைக்கிறேன், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் பீரோவுக்குள் சிலிக்கா ஜெல் பைகள். செருப்புப் பெட்டி, மாத்திரை டப்பா எதில் வந்தாலும் எடுத்து வைத்துக்கொள்வேன். ஈரம் பிடித்தால் தாளில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி விழும், ஒருமுறை விழுந்தால் போகாது.

உறையிலிருந்து ஸ்டாம்பைப் பிரிப்பது எப்படி என்று அண்ணன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் ஏழாம் வகுப்பு. சில்வர் தட்டில் வெதுவெதுப்பான தண்ணீர். உறைத்தாளோடு சுற்றிவர வெட்டிய ஸ்டாம்பு, முகம் மேலே பார்க்க மிதக்க வேண்டும். சிவப்பு உறையாக இருந்தால் தனியாக, இல்லையென்றால் சாயம் ஏறிவிடும். கால்மணி நேரத்தில் தாள் தானே நழுவும். நழுவவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், நகத்தால் சுரண்டக் கூடாது. அப்புறம் முதுகில் மிச்சப் பசையை விரலால் மெதுவாகத் தடவி எடுத்து, இடுக்கியால் தூக்கி, உறிஞ்சும் தாளில் கவிழ்த்துப் போட்டு, அரைக்காய்ச்சலாக இருக்கும்போதே கனமான புத்தகத்துக்குள் வைத்துவிட வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் வைத்தால் சுருண்டுகொள்ளும். அவளுக்கு அந்தத் தாள் நழுவும் கணம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அத்தே, தோல் உரிக்குது அத்தே" என்றாள்.

போன ஆவணியில் அவள் கொல்லையில் ஒரு வேலை செய்தாள். எலுமிச்சைக் கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்து, குச்சியால் தட்டப் போனாள். நான் நிறுத்தினேன். அது எச்சம் இல்லை, நம் ஆறு சென்ட்டின் குழந்தை. சின்னப் புழுவாக இருக்கும்போது எச்சம் மாதிரி வேஷம், பெரிதானால் இலைப்பச்சை. தொட்டுவிட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு நாற்றம் விடும். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், மூடியில் ஓட்டை போட்டு, தினமும் புதுக்கொழுந்து போட்டு வளர்த்தாள். பச்சையான பின் இரண்டு தடவை அதனிடம் கொம்பு வாங்கினாள், அதற்கப்புறம் தொடவில்லை. ஒரு நாள் அது குச்சியில் இடுப்புக்கு ஒரு நூல் கட்டிக்கொண்டு கூடாகிவிட்டது. அந்த நூலைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்தேன். ஒரே ஒரு இழை. அதுதான் முழு உடம்பையும் சாய்த்துத் தாங்குகிறது.

ஒன்பதாம் நாள் காலை அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்தில் கூடு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே மஞ்சள் திட்டுகள் தெரிந்தன. "நான் போக மாட்டேன் அத்தே" என்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் போ என்று சொல்ல மனமில்லை. அண்ணியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். எட்டே முக்காலுக்குக் கூடு பிளந்தது. வெளியே வந்தபோது இறக்கை கசங்கிய துணி மாதிரித் தொங்கியது, இஸ்திரி போடாத பட்டுத்துணி. குச்சியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் தொங்கியது. மெல்ல மெல்ல இறக்கை நீண்டது. அவள் ஓடிப்போய் ஆல்பத்தைக் கொண்டுவந்து சிலாங்கூர் ஆறு சென்ட் இருக்கும் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். ஒவ்வொரு திட்டாக விரல் வைத்து எண்ணினாள். செங்கல் நிறப் பொட்டுக்கு மேலே நீலத்தில் ஒரு மெல்லிய பிறை இருப்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். இத்தனை வருஷம் லென்ஸ் வைத்திருந்தும் நான் அந்த நீலத்தைக் கவனித்ததில்லை. பிறகு ஸ்டாம்பில் தேடினோம்.

பத்தரைக்கு அது நாரத்தை மரத்தைத் தாண்டிப் பறந்துபோனது. அவள் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் தேதியை எழுதி வைத்தாள். ஆல்பத்தில் எழுதக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

இப்போது என் கணக்கில் 91இல் 74 இருக்கிறது. பேராக் ஏழும், சிலாங்கூர் ஏழும், பினாங்கு ஏழும் முழுசாக இருக்கின்றன. பெர்லிசில் இரண்டுதான் இருக்கிறது, ஆறு சென்ட் இல்லை. திரெங்கானுவிலும் சபாவிலும் அதேபோல ஆறு சென்ட் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் நாகூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், காரைக்கால் பக்கத்துக்காரர்கள் இருப்பீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் தகரப்பெட்டியிலும் மலேசியாவிலிருந்து வந்த பழைய கடிதங்கள் இருக்கும். வீடு மாற்றும்போது, பெரியவர்கள் போனபின் சுத்தம் செய்யும்போது, அவற்றை எரித்துவிடாதீர்கள். கடிதம் உங்களுடையது, அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உறையில் 1971 முதல் 1979க்குள் முத்திரை இருந்தால் ஒருதடவை மூலையைப் பாருங்கள். ஸ்டாம்பைப் பிய்க்க வேண்டாம், சுற்றிலும் ஒரு விரல் அகலம் தாள் விட்டு வெட்டுங்கள். முத்திரையில் ஊர்ப்பெயர் தெரிந்தால் உறையை வெட்டவே வேண்டாம், முழுசாகப் படம் எடுத்து எனக்குக் காட்டினால் போதும். கறுப்பில் வெளிர்மஞ்சள் திட்டு, உள்மூலையில் செங்கல் நிறப் பொட்டு, மேலே பெர்லிஸ் என்று இருந்தால், ராத்திரி எந்நேரமானாலும் சொல்லுங்கள்.